தூங்குதல் என்னுஞ் சொல்

தூங்குதல் என்னுஞ் சொல் இக்காலத்து உறங்குதல் என்னும் ஒரு பொருளிலேயே பெரும்பாலும் வழங்குகின்றது. அப்பொருளொன்றையே உட்கொண்டு பண்டை நூல்களைப் பயில்வார், திருமந்திரத்து உபதேசப் பகுதியில் திருமூலநாயனார் தூங்கிச் சிவலோகங் கண்டாரைக் கூறுமிடத்து மயங்குகின்றனர். உறங்குவார்க்கே சிவக்காட்சி கிட்டுமாயின் சரியை முதலியன எற்றுக்கு என வினவுவாரும் உளர். ஆதலின் இச்சொல்லை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதன் முதற்பொருள் தொங்குதல், அசைதல் என்பன. வானத்தே தொங்கிய மதிலை அழித்த சோழன் தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் எனப்பட்டான். நின்றவிடத்தும் அசைதலின் யானை தூங்கல் எனப் பெயர்பெற்றது. வஞ்சிப்பாவின் ஓசை தூங்கலோசை. வினைசெயல்வகை அதிகாரத்தில் திருவள்ளுவர் ஆண்ட இச்சொல்லுக்குப் பரிமேலழகர் நீட்டித்தல் எனப் பொருளுரைத்தார். இவற்றுள் ஒன்றேனும் உறக்கத்தைக் குறித்ததன்று.

இதற்கு அயன்மொழிச் சான்றும் உண்டு. காவிரி கன்னட நாட்டினின்றும் தமிழ்நாட்டினுட் புகும் எல்லைக்கண் உள்ளது தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல். அவ்வூர்ப் பெயரே புகையெனப் பொருள்படும் 'ஹொகெ' என்னுங் கன்னடச் சொல்லுங் கல்லென்பதுங் கூடியதென்பர். அம்மொழியில் 'தூகு' என்பது இன்றும் தொங்குதல், ஊசலாடுதல், எடைநிறுத்தல் என்னும் பொருள்களையே தரும். அமர்ந்தவாறே தலைசாய்ந்து ஆடும் அரைத்துயிலை மாத்திரம் 'தூகடிசு' என்பர். தமிழிற் பொருள் சென்ற வழியும் இதனால் உய்த்துணரப்படும். தொங்குதல் அசைதலாய், அசைதல் துயில்வரவால் தலையசைதலாய், ஈற்றில் உறக்கமேயாயிற்று.

இனி, நாயனார் ஆட்சியில் உறக்கப்பொருள் அறவே இல்லை என்பார் கூற்றும் பொருந்தாது. கருவிகரணங்கள் ஓய்தலாகிய ஒப்புமை அங்கு உண்டு. ஆயின் ஓய்வு ஒன்றாயினும் சார்பு வேறு. கேவலத்தில் உயிர் ஆணவத்தைச் சார்ந்து அறியாமையுட் கிடக்கும். சுத்தத்தில் திருவருளைச் சார்ந்து சிவத்தை அறிந்து நிற்கும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பன்றோ? தொங்கும் பொருள் தன்னைத் தாங்குவதனை விட்டு நில்லாதவாறுபோல, தன்முனைப்பற்று அருளைப் பற்றி நிற்றலே ஈண்டுத் தூங்குதலாம். உறங்குவான் ஒன்றுங் காணான். நாயனாரோ 'கண்டார்' என்றார். அவ்வொரு வினையே வெற்றுறக்கத்தை விலக்கும் காவலாய் நிற்றல் காண்க. இதனோடு அடுத்த பாட்டிற் சிவயோகியரைச் சோம்பர் என்றதும் இம்முறையாற் கொள்ளற்பாலது.

ஆகவே இப்பாட்டுச் சரியை முதலியவற்றை விலக்குவதன்று. அவற்றின் முடிவில் எய்தும் நிலையை உணர்த்துவதாம். இன்றைய வழக்கொன்றே கொண்டு அருள்நூற்குப் பொருள் காண்பார், சுத்தத்தைக் கேவலமாக்கும் பிழைக்கு இடங்கொடுப்பர் என்க.