ஸ்பெக்ட்ரமுக்கு ஒரு பிரின்டர் போர்ட்

1982இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியின் பின்புறத்தில், உலோகப் பட்டைகள் வரிசையாகத் தெரியும் விளிம்பு இணைப்பில், பிரின்டருக்கான போர்ட் ஒன்றைக் கையாலேயே கட்டிச் சேர்ப்பது பார்க்கச் சலிக்காத கைவேலை. துளைப்பலகை எனப்படும், வரிசையாகத் துளையிட்ட அட்டையில் சிப்பின் கால்களைப் பொருத்தி, சால்டரிங் அயர்னின் முனை தொட்டதும் ஈயம் இளகிக் காலைச் சுற்றிப் பளபளப்பாகப் படியும் கணத்தில் கையை எடுத்துவிடுவதில்தான் தேர்ச்சி இருக்கிறது. தாமதித்தால் செப்புத் தடம் உரிந்துவிடும், அவசரப்பட்டால் இணைப்பு மங்கலாகி, பின்னர் விட்டுவிட்டு வேலைசெய்யும்.

இப்படிக் கட்டி முடித்த போர்ட்டின் எட்டுத் தரவுக் கம்பிகளில் ஓர் எழுத்தின் குறியீடு நிலைகொண்டபின், ஸ்ட்ரோப் என்னும் குறுகிய மின்துடிப்பு அதை எடுத்துக்கொள்ளுமாறு பிரின்டருக்கு உணர்த்த, பிரின்டரோ பிஸி என்னும் கம்பியின் வழியே கணினியைக் காத்திருக்கச் செய்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் பிசகாமல் நடந்து, டாட் மேட்ரிக்ஸ் தலையின் ஊசிகள் கரகரவென ரிப்பனைக் குத்தத் தொடங்கும் ஓசை, கட்டியவரின் காதுக்கு நல்ல இசைதான்.