கபமில்லாத கபச்சுரப்பி

தமிழில் எல்லாக் கலைகளும் வரவேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. எவ்வாறு வரவேண்டும் என்பதிலேதான் கருத்து வேற்றுமை. அயல்மொழிச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் வேரைத் தேடி, அவ்வேருக்கு ஈடான தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டால் கலைச்சொல் பிறந்துவிட்டது என்று கருதுவோர் நம்மிற் பலர். இம்முறை பல இடங்களில் நன்மை பயந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், மூலச் சொல்லே ஒரு பிழையின்மேல் எழுந்ததாயின் என்னாகும்? அப்பிழைக்கும் சேர்த்தே நாம் தமிழில் இடம் கொடுத்தவர்களாவோம். பிட்யூட்டரி, தைராய்டு என்னும் இரு சுரப்பிகளைக் குறித்தும், அவற்றின் நோய்களைக் குறித்தும் தமிழில் வழங்கும் சொற்களே இதற்குச் சான்று. அச்சொற்களுட் சிலவற்றை எடுத்து நிறுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லை நிறுக்குமுன் பொருளை அறிதல் வேண்டும். பிட்யூட்டரி மூளையின் அடியில், மண்டையோட்டின் தளத்திலுள்ள சேணம் போன்ற சிறு குழியில் அமர்ந்திருப்பது. பட்டாணியளவே இருக்கும்; எடை ஏறத்தாழ அரைக் கிராம். தைராய்டு கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை இருபுறமும் தழுவி, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் கிடப்பது. இரண்டுமே தம் சுரப்பைக் குழாய் வழியாக வெளியேற்றாமல் நேரே குருதியில் கலப்பவை. தைராய்டு சுரக்கும் தைராக்சின், உடல் எவ்வளவு விரைவில் எரிபொருளைச் செலவிடுவது என்பதை வகுக்கிறது. உடல் வெப்பம், நெஞ்சின் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகியவை அதனைச் சார்ந்தவை. அதனை ஆக்க அயோடின் வேண்டும். தைராக்சின் மூலக்கூறு ஒன்றில் 4 அயோடின் அணுக்கள் உள்ளன. பிட்யூட்டரியோ தைராய்டையும் ஏவும் தலைவன். குருதியில் தைராக்சின் குறைந்தால் தூண்டுநீரை மிகுதியாகச் சுரந்து தைராய்டை முடுக்கும். தைராக்சின் மிகுந்தால் தன் தூண்டுநீரைக் குறைத்துக்கொள்ளும்.

கபம் எங்கிருந்து வந்தது?

பிட்யூட்டரிக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'கபச்சுரப்பி'. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது நன்கு பழகிய சொல். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இச்சுரப்பி கபத்தையா சுரக்கிறது?" என்று கேட்டால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்? இச்சுரப்பி வளர்ச்சி நீரைச் சுரக்கிறது. தைராய்டுத் தூண்டுநீரைச் சுரக்கிறது. தாய்ப்பாலை ஊறச்செய்யும் நீரைச் சுரக்கிறது. கபத்தை மட்டும் சுரப்பதில்லை. பின் ஏன் இப்பெயர்?

விடை இலத்தீன் மொழியில் இருக்கிறது. அம்மொழியில் 'பிட்யூட்டா' என்றால் சளி. மூளையில் உண்டாகும் கழிவு, சளியாக வடிந்து இச்சுரப்பியின் வழியே மூக்கிற்கு இறங்குகிறது என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர் எண்ணினார். 1543இல் உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியசும் அக்கருத்தையே பின்பற்றினார். 1660இல் செருமானியரான சினைடர் மூக்குச் சளி மூக்கின் உட்சவ்விலேயே ஊறுகிறது, மூளையிலிருந்து வருவதன்று என்று நிறுவினார். கருத்து வீழ்ந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1778இல் சோமரிங் என்னும் அறிஞர் 'ஹைப்போபைசிஸ்', அதாவது 'அடியில் வளர்ந்தது' என்று, இருக்கும் இடத்தை வைத்து மற்றொரு பெயரிட்டார். மருத்துவ நூல்கள் இன்று இரு பெயர்களையும் ஆளுகின்றன.

நம்மவர் இவ்விரண்டில் எதை மொழிபெயர்த்தனர்? வீழ்ந்த கருத்தைத் தாங்கிய பெயரையே மொழிபெயர்த்தனர். "ஆங்கிலேயரும் அதே பிழைப் பெயரைத்தானே வழங்குகின்றனர்?" எனச் சிலர் வினவலாம். வேறுபாடு இருக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் செவியில் அச்சொல் சளியைக் குறிப்பதில்லை. அதன் பழம்பொருள் செத்துவிட்டது. தமிழன் செவியில் 'கபம்' உயிருள்ள சொல். வாதம், பித்தம், கபம் என்னும் வரிசை நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. எனவே, ஐரோப்பாவில் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே மாண்ட பிழைக்கு நாம் மொழிபெயர்ப்பின் மூலம் உயிர் கொடுத்திருக்கிறோம். போதாக்குறைக்கு, சித்த மருத்துவத்தின் கபத்தோடு இதற்கு உறவுண்டு என்ற மயக்கத்தையும் உண்டாக்கியிருக்கிறோம். 'மூளையடிச் சுரப்பி' என்று கூறின், இடமும் விளங்கும், பிழையும் இல்லை. அதுவும் வேண்டாமெனில் 'பிட்யூட்டரி' என்றே எழுதலாம். பொருள் விளங்காத அயற்சொல், பொருளைத் திரிக்கும் தமிழ்ச்சொல்லினும் தீங்கு குறைந்தது.

கேடயம் யாருடையது?

'தைராய்டு' என்பதற்குக் 'கேடயச் சுரப்பி' என்னும் சொல் இருக்கிறது. கிரேக்க மொழியில் கதவு போன்ற நீண்ட கேடயத்திற்கு 'தைரியோஸ்' என்று பெயர். ஆனால் கேடயம் போன்றது சுரப்பியன்று. குரல்வளையின் முன்புறத்துள்ள குருத்தெலும்பே கேடய வடிவினது. 1656இல் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் அக்குருத்தெலும்பின் பெயரையே அருகிலிருந்த சுரப்பிக்கும் சூட்டினார். அச்சுரப்பியின் பணி யாதென அக்காலத்தில் யாரும் அறியார். கழுத்திற்கு வடிவும் அழகும் தருவதற்கென்றே அது அமைந்ததாக வார்ட்டன் கருதினார் என்றால், அன்றைய அறியாமையின் அளவு புலப்படும்.

ஆயினும் 'கேடயச் சுரப்பி'யைக் கபச்சுரப்பியோடு ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. இது இரவற் பெயர், பொய்ப் பெயரன்று. நோயாளியை இது எந்தத் தவறான வழியிலும் செலுத்துவதில்லை. எனினும் மக்கள் வழக்கில் 'தைராய்டு' வேரூன்றிவிட்டது. மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் வழங்கும் சொல்லை விடுத்து, பாடநூலில் மட்டும் வாழும் சொல்லைப் பிடித்துக்கொள்வதால் பயன் சிறிது.

"அவருக்குத் தைராய்டு"

இனிக் குறை கூறவேண்டியது பாடநூலையன்று, நம் அன்றாடப் பேச்சை. "அவருக்குத் தைராய்டாம்" என்று சொல்லக் கேட்கிறோம். தைராய்டு யாருக்குத்தான் இல்லை? "அவருக்குக் கல்லீரலாம்" என்று கூறுவதைப் போன்றதே இது. இவ்வழக்கில் உள்ள கேடு இலக்கணக் கேடு மட்டுமன்று. தைராய்டு குறைவாகச் சுரப்பது ஒரு நோய். மிகையாகச் சுரப்பது அதற்கு நேர்மாறான நோய். குறைந்தால் உடல் குளிரும், எடை கூடும், மலம் கட்டும், சோர்வு மிகும், நெஞ்சுத் துடிப்புத் தளரும். மிகுந்தால் உடல் வேர்க்கும், எடை இறங்கும், கை நடுங்கும், துடிப்பு விரையும். சிலருக்கு விழிகள் பிதுங்கும். முன்னதற்குத் தைராக்சின் மாத்திரை வேண்டும்; பின்னதற்குச் சுரப்பை அடக்கும் மருந்து வேண்டும். ஒருவருடைய 'தைராய்டு மாத்திரை'யை மற்றொருவர் வாங்கி விழுங்கினால் விளையும் தீமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பள்ளி நூல்கள் 'குறைசுரப்பு', 'மிகைசுரப்பு' என்று பிரித்துக் கூறுகின்றன. இவை பாராட்டத்தக்க ஆக்கங்கள். எளிய தமிழ், நேரான பொருள், ஒன்றோடொன்று மயங்காதவை. இத்தகைய நல்ல சொற்கள் வகுப்பறையைவிட்டு வெளியே வரவில்லையே என்பதுதான் வருத்தம்.

குருதி ஆய்வுத் தாளிலும் இதே இடர்ப்பாடு. 'டி.எஸ்.எச்.' என்ற மூன்றெழுத்தின் எதிரே எண் உயர்ந்திருப்பதைக் கண்டு, "எனக்குத் தைராய்டு அதிகமாகிவிட்டது" என்று கூறுவோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர்க்கு உண்மை இதற்கு நேர்மாறானது. அவ்வெண் தைராய்டின் சுரப்பைக் குறிப்பதன்று. பிட்யூட்டரி அனுப்பும் தூண்டுநீரைக் குறிப்பது. குதிரை தளரும்போதுதான் சாட்டையடி மிகும். அவ்வாறே தைராய்டு தளர்ந்தால்தான் தூண்டுநீர் பொதுவாக உயரும். 'தைராய்டுத் தூண்டுநீர்' என்று தமிழிற் கூறியிருந்தால், கேட்பவர்க்குச் சாட்டை வேறு, குதிரை வேறு என்பது சொல்லிலேயே விளங்கியிருக்கும். ஆங்கில எழுத்துச் சுருக்கம் இங்கு நமக்கு ஓர் உதவியும் செய்யவில்லை.

இது நம் வீடுகளைத் தொடும் செய்தி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடிக் குருதியை எடுத்து இத்தூண்டுநீரை அளந்து பார்க்கின்றனர். பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைக்கு முதற் சில வாரங்களுக்குள் தைராக்சின் கொடுக்கத் தொடங்கினால் அது மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தவறினால் மூளை வளர்ச்சி குன்றும், பிறகு மீட்பது அரிது. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும்போது அதன் பொருளைத் தாய் உடனே உணரவேண்டும். "எண் கூடுதலாம்" என்று கேட்டு, "கூடுதல்தானே, குறையவில்லையே" என்று அவள் ஆறுதலடைந்துவிட்டால், அங்கே சொல்லின் குறை ஒரு பிள்ளையின் வாழ்வாகிறது.

மாலையும் கழலையும்

தைராய்டு வீங்கிக் கழுத்தின் முன்னே புடைப்பதைக் 'கண்டமாலை' என்று எழுதுவோர் உளர். பழஞ்சொல் என்பதாலேயே அதனைப் பொருத்தமென்று கொள்ளலாகாது. கண்டம் கழுத்து, கழுத்தைச் சுற்றி மணிகோத்த மாலைபோல் கட்டிகள் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. அது பெரும்பாலும் காசநோய்க் கிருமியால் நிணநீர்க் கணுக்கள் வீங்குவது. தைராய்டு வீக்கமோ முன்கழுத்தில், விழுங்கும்போது குரல்வளையோடு மேலேறி இறங்குவது. அயோடின் குறைவால் வந்ததாயின் அயோடின் கலந்த உப்பு அதனைத் தடுக்கும். காசநோய்க் கட்டியை அவ்வுப்பு ஒன்றும் செய்யாது. சரவாக்கின் உட்பகுதிகளில், கடல்மீன் எளிதில் எட்டாத ஊர்களில், முன்னாளில் இவ்வீக்கம் மிகுதியாகக் காணப்பட்டது. அங்கு வேண்டியிருந்தது அயோடினே.

பழைய மருத்துவர் மாலைபோல் வருவதற்கு மாலையென்று பெயரிட்டனர். கண்ணாற் கண்டதைக் கூறினர். குறை அவர்களுடையதன்று, வேறொரு நோய்க்கு அதனை ஒட்டிய நம்முடையது. 'முன்கழுத்துக் கழலை' என்னும் பாடநூற் சொல் இங்குக் குற்றமற்றது. இடம் கூறுகிறது, வடிவம் கூறுகிறது, வேறு நோயோடு மயங்கவில்லை.

இனிப்பு நீரின் சிறப்பு

பிட்யூட்டரியின் பின்பகுதி சுரக்கும் நீர்களுள் ஒன்று, சிறுநீரகத்தைத் தடுத்து உடலில் நீரை நிறுத்தி வைப்பது. அது இல்லையேல் சிறுநீர் நாளொன்றுக்குப் பல லிட்டர் இறங்கும், தாகம் தீராது. இந்நோய்க்கு ஐரோப்பிய மருத்துவர் 'டயபெட்டிஸ் இன்சிபிடஸ்' என்று பெயரிட்டனர். 'சுவையற்ற நீரொழுக்கு' என்பது பொருள். சர்க்கரை நோய்க்கு 'டயபெட்டிஸ் மெல்லிட்டஸ்', அதாவது 'தேனினிய நீரொழுக்கு'. காலப்போக்கில் அடைமொழிகள் தேய்ந்து 'டயபெட்டிஸ்' என்றாலே சர்க்கரை நோய் என்றாயிற்று. அதன் விளைவு என்ன? பிட்யூட்டரி நோயாளிகள் மருத்துவமனையிற் சேர்ந்தபோது, அவர்களைச் சர்க்கரை நோயாளிகளென்று மயங்கி, உயிர்காக்கும் ஹார்மோன் மருந்தைக் கொடாது விட்ட நிகழ்ச்சிகள் உண்டு, இறந்தோரும் உண்டு. இதனாலேயே 2022இல் பல நாட்டு உட்சுரப்பியல் கழகங்களின் அறிஞர் கூடி, அப்பெயரை விடுத்து, 'வாசோபிரசின் குறைவு', 'வாசோபிரசினுக்கு இணங்காமை' என்று, காரணத்தை வைத்தே இரு புதுப் பெயர்களை முன்மொழிந்தனர். பெயரில் என்ன இருக்கிறது என்போர்க்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

தமிழிலும் இதே வலை விரிந்திருக்கிறது. 'இழிதல்' என்றால் கீழிறங்குதல். 'நீரிழிவு' என்னும் சொல் நீர் இறங்குவதை மட்டுமே கூறுகிறது. சொற்பொருள் நோக்கில் அது பிட்யூட்டரி நோய்க்கே மிகப் பொருந்தும். வழக்கிலோ சர்க்கரை நோய்க்கு உரியதாகிவிட்டது. ஆனால் நம் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மக்கள் சர்க்கரை நோயை என்னவென்று கூறுகின்றனர்? 'இனிப்பு நீர்' என்கின்றனர்! எந்தக் கலைச்சொற் குழுவும் கூடி வகுக்காத சொல். நீர் மிகுவது பல நோய்களுக்குப் பொது. இனிப்பதுதான் சர்க்கரை நோய்க்குரிய தனி அடையாளம் என்று அச்சொல் இரண்டே சீரில் கூறிவிடுகிறது. அறிஞர் அவை 2022இல் களைய முற்பட்ட மயக்கத்திற்கு இச்சொல் முதலிலிருந்தே இடம் தரவில்லை. அதனைக் கொச்சையென்று ஒதுக்கிப் பிள்ளைகளின் கட்டுரைத் தாளில் சிவப்புக் கோடிடும் ஆசிரியர் இருப்பின், அவர் தம் கோலைச் சற்றே நிறுத்தி எண்ணிப் பார்ப்பாராக.

முடிவாக

தனித்தமிழே வேண்டுமென்போரும், ஆங்கிலச் சொல்லே போதுமென்போரும் நீண்ட நாளாக வழக்காடுகின்றனர். மேலே கண்ட சொற்கள் இருவர் பக்கமும் முழுமையாகச் சாயவில்லை. கபச்சுரப்பி தமிழாயினும் தள்ளத்தக்கது, குறைசுரப்பு தமிழாதலோடு கொள்ளவும் தக்கது, தைராய்டு அயலாயினும் நிற்கத்தக்கது, டி.எஸ்.எச். அயலாதலோடு மயக்கமும் தருவது. எனவே ஒரு சொல்லை ஏற்குமுன், அது எம்மொழி வேரினது என்பதோடு, அது பொருளின் இடத்தையோ தொழிலையோ உண்மையாகக் கூறுகிறதா, நோயாளியை வேறு நோய்க்கு இழுத்துச் செல்லாதா என்பதையும் கேட்டல் வேண்டும்.

கலைச்சொல் ஆக்குவோர் எங்கோ இருக்கலாம். அச்சொற்களை நாவில் ஏற்றுவோர் தமிழாசிரியர்களே. இனி வகுப்பில் 'கபச்சுரப்பி' என்னும் சொல் வரும்போது, அதில் கபமில்லை என்பதையும், அப்பெயர் வந்த வரலாற்றையும் ஒரு நிமிடம் எடுத்துக் கூறுங்கள். "அம்மாவுக்குத் தைராய்டு" என்று மாணவன் எழுதினால், "குறைவா, மிகையா?" என்று கேளுங்கள். அவன் அக்கேள்வியை வீட்டிற்குக் கொண்டு செல்வான். அங்கே மாத்திரைப் பெட்டியைக் கையில் வைத்திருப்பவருக்கு அது பயன்படும்.