அப்பாயியின் அன்னம்

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு பித்தளை அன்னம் இருக்கிறது. உள்ளங்கை உயரம்தான். ஒரு காலத்தில் குத்துவிளக்கின் உச்சியில் வீற்றிருந்தது. தண்டின் மரை தேய்ந்து விளக்கு ஆடத் தொடங்கியதும், பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வண்டியில் ஏற்றும் முன் அப்பாயி அன்னத்தை மட்டும் திருகி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாராம். "வெளக்கு போனாப் போவுது. உசுரு உள்ளத எடைக்குப் போடலாமாடா?" என்று அப்பாவிடம் கேட்டாராம். அடிப்பக்கத்துத் திருகுமரை இன்னும் அப்படியே இருக்கிறது. தச்சர் கடைந்து தந்த சிறு தேக்குக் கட்டையில் அதைப் பொருத்தி நிறுத்தியிருக்கிறேன்.

முதலில் கழுத்தைப் பாருங்கள். மார்பிலிருந்து மேலெழுந்து, சற்றே பின்னுக்குச் சாய்ந்து, பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் முன்னோக்கி வளைகிறது. அந்த வளைவில் எங்கும் முறிவில்லை, தயக்கமில்லை. விரலை வைத்து வருடினால் வழுக்கிக்கொண்டே அலகு வரை போய்விடும். கழுத்தின் இரு பக்கமும் மயிரிழை போன்ற ஒரு கோடு ஓடுவது சாய்வெயிலில் மட்டும் தெரியும். இரண்டு பாதியாகச் செய்த அச்சு ஒன்றோடொன்று சேர்ந்த இடம் அது. அரத்தால் ராவி மறைக்கப் பார்த்திருக்கிறார் வார்த்தவர், முழுக்க மறையவில்லை. எனக்கு அந்தக் கோடு மிகவும் பிடிக்கும். உருகிய பித்தளை மண்ணுக்குள் பாய்ந்து பறவையான கணத்தின் தழும்பு.

நாச்சியார்கோயில் வார்ப்பு என்றுதான் அப்பாயி சொல்வார். கும்பகோணத்தை அடுத்த அந்த ஊரில் காவிரிப் படுகையின் நயமான வண்டல் மண்ணில் அச்செடுத்து விளக்கு வார்ப்பார்கள். அதே ஊர்ப் பெருமாள் கோயிலில்தான் கல் கருடன் இருக்கிறார். சன்னிதியில் 4 பேர் தூக்கும் கருடன், வெளியே வர வர எடை கூடி, 8, 16, 32 என்று வளர்ந்து கடைசியில் 64 பேர் தோள் கேட்பதாக ஐதீகம். பறவையின் எடையை அறிந்த ஊர்! அங்கே பிறந்த இந்த அன்னமும் கையில் எடுத்தால் கனக்கத்தான் செய்கிறது. தள்ளி நின்று பார்த்தால் மட்டும் ஊதினால் பறந்துவிடும் போலிருக்கிறது.

வாலுக்கு வருவோம். இங்கேதான் சிற்பியின் மனம் துள்ளியிருக்கிறது. முதுகு வரை பறவை. அதற்குப் பிறகு கொடி. இறகுகள் சுருண்டு, இலையாகி, தளிராகி, மறுபடி சுருண்டு மேலேறுகின்றன. கோயில் கல்லில் கொடிக்கருக்கு என்பார்களே, அதே வேலை இங்கே சுண்டுவிரல் அகலத்தில். எந்த இடத்தில் இறகு முடிந்து இலை தொடங்குகிறது என்று எத்தனையோ முறை தேடியிருக்கிறேன். பிடிபட்டதே இல்லை.

சிறகின் வரிகளைச் சிற்றுளியால் வெட்டியிருக்கிறார். வலப்பக்கம் ஒன்பது, இடப்பக்கம் எட்டு. எட்டாவது வரி கொஞ்சம் எல்லை மீறி வயிற்றுப்பக்கம் இழுபட்டு நிற்கிறது. உளி வழுக்கியதோ, பக்கத்தில் யாராவது கூப்பிட்டார்களோ.

கண்தான் இல்லை. இருந்திருக்கிறது, தடவினால் சிறு மேடு தட்டுப்படும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளியும் சாம்பலும் வைத்துத் துலக்கித் துலக்கி, கண் கரைந்து, கொண்டை மழுங்கி, கன்னம் குழந்தைக் கன்னம்போல வழுவழுப்பாகிவிட்டது. வார்த்தவர் கொடுத்த முகம் கூர்மையாக இருந்திருக்கும். இப்போதுள்ள இந்தக் கனிந்த முகம் எங்கள் வீட்டுப் பெண்களின் கட்டைவிரல்கள் செதுக்கியது. புது விளக்குகளின் அன்னங்கள் பளிச்சென்று விழித்துப் பார்க்கும்போது எனக்கு ஏனோ கூச்சமாக இருக்கிறது.

பாலையும் நீரையும் பிரிக்கும் கதைப் பறவை ஒருபுறம் இருக்கட்டும். நிஜமாகவே வானில் போகும் அன்னம் ஒன்று பிசிராந்தையாருக்குத் தெரிந்திருந்தது. குமரித் துறையில் இரை தின்று வடமலைக்குப் போகும் அன்னச் சேவலை நிறுத்தி, வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார், புறநானூற்றின் 67ஆம் பாட்டில். அந்தச் சேவலைப் போலவே நெடுவழி பறந்து, இமயம் தாண்டி வந்து திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் பனிக்காலத்தைக் கழிக்கும் பட்டைத்தலை வாத்துகளைப் பார்த்த அன்று, வீடு திரும்பியதும் நேரே அலமாரிக்குப் போனேன். பித்தளை அன்னமும் கழுத்தை அதே போலத்தான் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தது.

நான் புளி போடுவதில்லை. மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதோடு சரி. வாலின் சுருளுக்குள் எந்த விரலும் போகாத இடத்தில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு கறுத்து உறைந்திருக்கிறது. அதைத் தொடுவதே இல்லை. அடைமழை நாளில் மூக்கருகே கொண்டுபோனால் நல்லெண்ணெய் வாசம் வரும், லேசாக.