புயலுக்கு அப்பாலும் கேட்போம்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைப் புயலில் பொங்கிய கடல் விழுங்கியது. மாண்டவர்கள் நூறு பேருக்கு மேல் என்கிறது ரயில்வே கணக்கு. பயணச்சீட்டு விற்றிருந்ததால் அப்படி ஒரு கணக்குப் போட முடிந்தது. அதே இரவில் மணல்மேட்டு ஓலைக் குடிசைகளில் படுத்திருந்த மீனவக் குடும்பங்களுக்குச் சீட்டு ஏது? அவர்களில் பலரைப் பற்றிய தகவல், தப்பிப் பிழைத்த அண்டை வீட்டாரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்வது ஏன் அவசியம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இறப்பைப் போலவே உழைப்பும் ஆவணங்களில் விடுபட்டுப்போகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். எது மரிக்கொழுந்துப் பாசி, எது கட்டக்கோரைப் பாசி என்று கைபட்டதுமே சொல்லிவிடுவார்கள். 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அரசாணைகள் பவளப்பாறையைப் பற்றிப் பேசின. பாசி மறுபடி வளரட்டும் என்று, எடுக்கும் நாள்களைப் பெண்களே குறைத்துக்கொண்ட கட்டுப்பாடு அவற்றில் இல்லை. அதை அந்தப் பெண்களிடம்தான் கேட்டறிய முடியும்.

இவ்வளவு பயனுள்ள முறை என்பதாலேயே இதன் குறைகளையும் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. முதல் குறை, நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. தீவுக்கு வருகிற எல்லோரும் புயலைப் பற்றியே கேட்கிறார்கள். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டில் தொலைக்காட்சிக்காரர்கள், சுற்றுலாப் பயணிகள், சொந்தப் பேரப்பிள்ளைகள் என எத்தனையோ பேரிடம் அவர் அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி அது கெட்டிப்பட்டுவிடுகிறது. கண்ணால் பார்த்தது எது, பிறகு காதில் விழுந்தது எது என்று அவருக்கே பிரித்துச் சொல்வது கடினம். வாடைக் காற்றில் எந்தப் பக்கம் வலை விட்டார்கள், முதல் விசைப்படகு வந்தபோது வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருந்தவர் என்ன ஆனார், படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் எத்தனை ஆண்டு கழுத்தைப் பிடித்தது என்று கேட்டால், அதுவரை யாருக்கும் ஒப்பிக்காத பதில்கள் வரும். அதையும் சம்மாட்டியை அருகில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டால் கூலிக்குப் போனவர் வாய் திறக்க மாட்டார்.

இரண்டாவது குறை, காலக்குழப்பம். கச்சத்தீவு குறித்த 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம், மீனவர்கள் அந்தத் தீவுக்குப் போய்வரும் வழக்கத்தை விட்டுவைத்தது. இலங்கைக் கடல் எல்லைக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்தது 1976 கடிதப் பரிமாற்றத்தில். கடலில் துப்பாக்கிச் சூடு பெரும் அச்சமானது 1983க்குப் பிந்தைய இலங்கைப் போர்க்காலத்தில். பேச்சில் இவை மூன்றும் எளிதில் ஒன்றாகிவிடும். இதை வெறும் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. இத்தாலியின் தேர்னி நகரில் 1949இல் கொல்லப்பட்ட ஆலைத் தொழிலாளியின் சாவை, 1953ஆம் ஆண்டின் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே ஊரார் பலர் நினைவில் வைத்திருந்தனர். அந்த இடமாற்றமே அவர்கள் மனக்காயத்தைக் காட்டுகிறது என்று விளக்கினார் ஆய்வாளர் அலெசாண்ட்ரோ போர்டெல்லி. அவர் விளக்கம் சரியானது. ஆனால் சரியான ஆண்டை ஆவணத்தில் தேடிப் பிடித்த பிறகுதான் அதைச் சொல்ல முடிந்தது. ஆவணத்தோடு ஒப்பிடாத பதிவு அரை வேலைதான்.

மூன்றாவது குறைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. சொன்னவருக்கே அவர் சொல் வினையாகலாம். கடல் அட்டை குளித்துப் பிழைத்த காலத்தை ஒரு முதியவர் வெளிப்படையாகப் பேசுவார். 2001இல் அது தடைசெய்யப்பட்டு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகிவிட்டது. எல்லை தாண்டிய கதையும் அப்படியே. மீன் படும் இடத்தை ஒலிநாடா ஊரறியச் சொல்லிவிட்டால், அந்தக் குடும்பத்தின் பிழைப்புக்கே கேடு. ஒருமுறை கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பதெல்லாம் இதற்குப் பாதுகாப்பாகாது.

இத்தனை குறைகளும் பதிவை நிறுத்தச் சொல்லவில்லை. முறையை மாற்றச் சொல்கின்றன. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிக்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி ஒரு வழியைக் காட்டுகிறது. தங்கள் பேச்சைத் தாங்களே கேட்கும் ஊரில் தவறு உடனே திருத்தப்படும், விடுபட்டவர் உரிமையோடு வந்து பேசுவார். எனவே எந்தப் பதிவும் பல்கலைக்கழக அலமாரிக்குப் போகுமுன் சொன்னவர் முன்னால் ஒலிக்க வேண்டும். வேண்டாததை நீக்கும் அதிகாரம் கடைசிவரை அவரிடமே இருக்க வேண்டும். ஒரு பிரதி ஊர் நூலகத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஏற்காமல் ஒலிப்பதிவுக் கருவியோடு தீவுக்குப் போகிறவர், அந்த மக்களிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போகிறவர்தான்.