121ஆம் சங்கீதம்: வாசலில் சரி, இழவு வீட்டில்?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டு மலையிலுள்ள மஞ்சக்குட்டையிலிருந்து பயணம் கிளம்புகிறவருக்கு 121ஆம் சங்கீதத்தைவிடப் பொருத்தமான ஜெபம் கிடைக்காது. மலை, சறுக்கும் கால், வெயில், இரவு எல்லாம் அதன் எட்டே வசனங்களுக்குள் இருக்கின்றன. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பயணத்துக்கு முன் அதை வாசிப்பதும் வழக்கம்தான்.

சிக்கல் அதன் வாக்குறுதியில் இருக்கிறது. எந்தத் தீங்கும் வராது என்கிறது, நிபந்தனையே இல்லாமல். ஆனால் ஜெபித்துவிட்டு ஏறியவர்களின் வண்டியும் கவிழ்கிறது. 'ஆத்துமாவைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது' என்று சமாளிப்பதை நான் ஏற்கவில்லை. காலும் வெயிலும் உடம்பின் கவலைகள்.

பாட்டின் அமைப்பைப் பார்த்தால் வழி கிடைக்கிறது. முதல் இரண்டு வசனங்களில் 'நான்' பேசுகிறது. மூன்றாம் வசனம் முதல் 'உன்னை' என்று மாறிவிடுகிறது. கிளம்புகிறவருக்கு வாசலில் நிற்பவர் தரும் ஆசியாகவே இதைக் கேட்கிறேன். 'போயிட்டு வாங்க' என்று நாம் சொல்வதும் இந்த இனம்தான். போனவர் திரும்பாவிட்டால் சொன்னவரைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை.

வழிபாட்டு வரலாறும் பெரும்பாலும் இதற்கே துணை நிற்கிறது. யூதர்கள் பிரசவ அறையில் மாட்டிய காப்புத் தகடுகளில் இதை எழுதினார்கள். பிள்ளை பெற்ற தாய் ஆலயத்தில் நன்றி செலுத்தும் முறைக்கு 1549ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகமும் இதையே வைத்தது. 1662இல்தான் 116, 127ஆம் சங்கீதங்கள் அந்த இடத்துக்கு வந்தன. இரண்டு மரபுகளும் உயிர் ஊசலாடும் வாசலுக்கே இதைக் கொண்டுபோயிருக்கின்றன.

ஆனால் ஓர் இடத்தில் இது வாயடைக்கும் கருவியானது. எருசலேம் ஆலயத்தில் லேவியர் 44ஆம் சங்கீதத்திலிருந்து, 'ஏன் தூங்குகிறீர், விழித்தெழும்' என்ற பொருளில் கடவுளை நாள்தோறும் கூவி அழைத்தார்கள். பிரதான ஆசாரியர் யோகனான் அதை நிறுத்திவிட்டார். காவலர் உறங்குவதில்லை என்ற 121ஆம் சங்கீத வசனமே அதற்கு ஆதாரமாக யூதச் சட்ட விளக்க நூலான தால்முதில் காட்டப்படுகிறது.

யோகனான் செய்தது தவறு என்பேன். சங்கீதப் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் இரண்டு பாட்டையும் விட்டுவைத்தார்கள். ஒன்றை வைத்து இன்னொன்றை அடக்கவில்லை. 121 வழியனுப்பும் பாட்டு. அந்த வேலையில் அதற்கு நிகரில்லை. விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அதை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவருவது கொடுமை. அங்கே முதலில் 44ஐத் திறக்க வேண்டும். 121 பிறகு வரட்டும், அதுவும் அந்த வீட்டார் கேட்டால்.