ரெவிட்: ஷெட்யூல் அபாரம், பாராமீட்டரில்தான் சிக்கல்

பிளானில் ஒரு கதவை நீக்கினால், கதவுப் பட்டியலிலும் அந்த வரி உடனே மறைய வேண்டும். ஆட்டோகேடில் அட்டவணையைக் கையால் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது தெரியும். 2000-இல் வெளிவந்து, 2002-இல் ஆட்டோடெஸ்க் வசமான கட்டட வடிவமைப்பு மென்பொருள் ரெவிட் இன்றும் முதலில் மனத்தைக் கவர்வது இந்த ஒரு விஷயத்தால்தான்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாதிரியில் கதவு, ஜன்னல், அறை மூன்றுக்கும் ஷெட்யூல் (தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பட்டியல்) போட்டுப் பார்த்தேன். ஷெட்யூலின் கட்டத்தில் ஒரு மதிப்பைத் திருத்தினால் மாதிரியிலும் மாறுகிறது. தீத்தடுப்பு மதிப்பு போன்ற, வகை முழுவதற்கும் பொதுவான பண்பைத் (டைப் பாராமீட்டர்) தொட்டால், அந்த வகைக் கதவுகள் அத்தனையும் மாறும் என்று முதலிலேயே எச்சரிக்கிறது. வகைவாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் தனி வரியாகக் காட்டும் டிக்கை எடுத்துவிட்டால், ஒரே வகைக் கதவுகள் ஒரு வரியில் எண்ணிக்கையோடு சேர்ந்துவிடுகின்றன. அளவுப் பட்டியல் தயாரிப்பவருக்கு இது போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது கீ ஷெட்யூல். குளியலறை என்று ஒரு பாணியை வரையறுத்து, தரை, சுவர், கூரைப் பூச்சுகளை ஒருமுறை எழுதிவிட்டால், அறைக்கு அந்தப் பாணியைத் தேர்ந்தெடுத்ததும் மூன்றும் தானாக நிரம்பும். டைல்ஸ் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். இத்தனை பயனுள்ள வசதியைப் பலர் தொடுவதே இல்லை என்பது வருத்தம்.

கணக்கிடும் நெடுவரிசைகள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பரப்பை விலையால் பெருக்கினால் அலகு பொருந்தவில்லை என்று மறுக்கும். பரப்பை ஒரு சதுர மீட்டரால் வகுத்து அலகைக் கழற்றிய பிறகே கணக்கு நடக்கும். சூத்திரத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

உண்மையான தலைவலி பாராமீட்டர் நிர்வாகம். புராஜெக்ட் பாராமீட்டர் ஷெட்யூலில் வரும். வரைபடத்தில் ஒட்டும் டேகில் வராது. இரண்டிலும் வேண்டுமென்றால் ஷேர்ட் பாராமீட்டர்தான் வழி. அதன் வரையறை முழுவதும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பாராமீட்டருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாள எண் உண்டு. ரெவிட் நம்புவது அந்த எண்ணை, பெயரை அல்ல. ஒரே அலுவலகத்தில் இருவர் தனித்தனிக் கோப்புகளில் ஒரே பெயரில் பாராமீட்டர் உருவாக்கினால், ஷெட்யூலில் ஒரே தலைப்போடு இரண்டு நெடுவரிசைகள் கிடைக்கும், இரண்டிலும் பாதி காலி. நீளம், எண், எழுத்து என்ற தரவு வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை. புதிதாக உருவாக்கி ஒவ்வொரு ஃபேமிலியிலும் (கதவு, ஜன்னல் போன்ற கூறுகளின் வார்ப்புக் கோப்பு) மாற்றிச் செருக வேண்டும். இத்தனை முதிர்ந்த மென்பொருளின் ஆதாரம், யார் வேண்டுமானாலும் நோட்பேடில் திறந்து குலைத்துவிடக்கூடிய ஒரு கோப்பில் இருப்பது சரியல்ல. பாராமீட்டர்ஸ் சர்வீஸ் என்ற மேகக்கணி ஏற்பாட்டை ஆட்டோடெஸ்க் கொண்டுவந்திருப்பது நல்ல திசை. ஆனால் பழைய ஃபேமிலிகள் சுமந்து வரும் குழப்பத்தை அது தானாகத் தீர்த்துவிடாது.

எக்செலில் மொத்தமாகத் திருத்தி மீண்டும் உள்ளே கொண்டுவர விரும்புவோர், ரெவிட்டுடனே வரும் டைனமோ என்ற நிரல் கருவியையோ வெளியார் பிளக்-இன்னையோ நாட வேண்டும். வேறு இரண்டு வரம்புகளும் உண்டு: ரெவிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது.

கதவும் ஜன்னலும் அறையும் நூற்றுக்கணக்கில் வரும் கட்டடங்களை வரைபவர்கள், ஷெட்யூலுக்காக மட்டுமே ரெவிட்டைத் தாராளமாக வாங்கலாம். ஒரு வேண்டுகோள்: முதல் சுவரை வரைவதற்கு முன் அலுவலகத்துக்கென ஒரே ஒரு ஷேர்ட் பாராமீட்டர் கோப்பை முடிவு செய்யுங்கள். அதில் எழுதும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.