மூன்று கிலோவாட் யாருக்கு?

“மூணு கிலோவாட் போட்டுட்டீங்கன்னா கரன்ட் பில்லை மறந்துடலாம்.” சோலார் விற்க வருகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டமும் ‘இலவச மின்சாரம்’ என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. இந்த இலவசம் எந்த வீட்டுக்கு உண்மை, எந்த வீட்டுக்குக் கடன் என்று பார்த்துவிட வேண்டும்.

திட்டத்தின் நல்ல பக்கம் சிறியதல்ல. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய் என மானியம் 78,000 வரை கிடைக்கிறது. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் கூடாது. சிறிய அமைப்புக்கே அதிகக் கை கொடுக்கும் இந்த ஏற்பாடு நியாயமானது. பொதுத்துறை வங்கிகள் மூன்று கிலோவாட் வரை அடமானம் கேட்காமல் கடன் தருகின்றன. திட்டம் தொடங்கியபோது வட்டி 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நகையை வைத்துப் பணம் புரட்டப் பழகிய குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

சிக்கல் தமிழ்நாட்டு மின்கட்டணத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. இங்கே எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 400 யூனிட் ஓடும் வீடு இரண்டு மாதத்துக்குக் கட்டுவது 1,175 ரூபாய். மூன்று கிலோவாட் அமைப்புக்குச் சுமார் 2 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக மிஞ்சும் 1.22 லட்சத்தைப் பத்தாண்டுக் கடனாக 7 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை 1,400 ரூபாய் சொச்சம். பில் முழுவதும் ஒழிந்தாலும் மிச்சமாவது மாதம் 590 ரூபாய்கூட இல்லை. மீதியைச் சம்பளத்திலிருந்துதான் கட்ட வேண்டும்.

அதே பேனல், அதே வெயில், இரண்டு ஏசி ஓடும் 1,000 யூனிட் வீட்டில் வேறு கணக்காகிவிடுகிறது. அந்த வீட்டின் இருமாத பில் ஏறத்தாழ 6,870 ரூபாய். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்றால், மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரும். அவை கழியத் தொடங்குவது யூனிட் 10 ரூபாயைத் தாண்டும் உச்சப் படியிலிருந்து. பில் 600 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். தவணை போகவும் மாதம் 1,700 ரூபாய் கையில் நிற்கும். மானியப் பணத்தின் பலன் வசதியான வீட்டையே முதலில் சேர்கிறது. இதைத் திட்டத்தின் முதன்மைக் குறையாகவே சொல்வேன். வாடகை வீட்டிலும், பொது மொட்டைமாடி உள்ள அடுக்ககத்திலும் இருப்பவர்கள் இந்தக் கணக்குக்குள் வருவதே அரிது.

400 யூனிட் வீட்டுக்கு ஏற்ற வழி இல்லாமல் இல்லை. ஒரே ஒரு கிலோவாட் போட்டால் 240 யூனிட் கழிந்து பில் 141 ரூபாய்க்கு வந்துவிடும். மூன்று கிலோவாட்டில் மிச்சமாகும் தொகையில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு ஒன்றிலேயே கிடைத்துவிடுகிறது. இதை வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

விலைப்பட்டியலில் வராத விஷயங்களும் உண்டு. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பு, கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் மீது மின்சாரம் பாயாதிருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். புயல் நாளில் வெளிச்சம் வேண்டும் என்று இதை வாங்குகிறவர் ஏமாந்துபோவார். வடாம் காயவைக்கவும் துணி உலர்த்தவும் மாடி வேண்டுமென்றால் பேனலை உயரமான சட்டத்தில் ஏற்ற வேண்டும். அதற்குத் தனிச் செலவு. பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் சொல்வார்கள், ஆனால் இன்வெர்ட்டரைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்ற நேரிடலாம். தவணை முடிகிற நேரத்தில் வருகிற செலவு அது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓராண்டின் ஆறு பில்களை எடுத்து வையுங்கள். இரண்டு மாத யூனிட் 600ஐத் தாண்டாத வீடாக இருந்தால், மூன்று கிலோவாட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். ஒரு கிலோவாட்டுக்கு என்ன விலை என்று கேளுங்கள்.